குறுக்குவிசை கேட்காதபோது: பணிப்பட்டியலில் விரைவுப் பதிவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொலைபேசியில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்ட வேலையை ஒரே வரியில் தட்டி, எண்டரை அழுத்திவிட்டுப் பேச்சைத் தொடர முடிந்தால்தான் பணிப்பட்டியல் செயலியால் பயன் உண்டு. சுட்டியைத் தேடிக் கை நகர்ந்தால் பதிவு தள்ளிப்போகிறது. தள்ளிப்போன பதிவு பெரும்பாலும் மறந்தே போகிறது. கோலாலம்பூரில் கணக்கு எழுதும் அலுவலகங்களிலும் சரக்கு அனுப்பும் கடைகளிலும் டியூஷன் நிலையங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இது தினப்படி அனுபவம். ஆகவே குறுக்குவிசை (கீபோர்டு ஷார்ட்கட்) ஒன்று வேலை செய்யாமல் போனால், அதைச் சின்னத் தொல்லை என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே சரிசெய்துவிட வேண்டும்.

நம் நிலைமை ஒரு விதத்தில் தனி. ஒரே கணினியில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் தட்டச்சாகின்றன. பொதுக் கணினியாக இருந்தால் சீனமும் சேர்ந்துகொள்ளும். செயலிகளோடு வரும் உதவிக் குறிப்புகளோ ஒரே மொழியில் தட்டுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் இங்கே சந்தேகத்தின் வரிசையே மாற வேண்டும்: முதலில் விசைப்பலகை அமைப்பு, அடுத்து அதே விசையைப் பிடித்துவைத்திருக்கும் வேறு நிரல், கடைசியாகத்தான் செயலி. செயலியை நீக்கி மறுபடி நிறுவுவதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நேரத்தை இழப்பார்கள். காரணம் அந்தச் செயலிக்குள் இருப்பதே அரிது.

எதையும் மாற்றுவதற்கு முன் நோட்பேடைத் திறந்து, ஆங்கில எழுத்து கியூ, பிறகு @, #, / ஆகியவற்றை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். திரையில் என்ன விழுகிறது என்பதையும், பணிப்பட்டையின் வலது மூலையில் எந்த மொழி காட்டப்படுகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதிக்குச் செல்லலாம். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

ஒற்றை எழுத்துக் குறுக்குவிசை வேலை செய்யவில்லை, ஆனால் கண்ட்ரோல் சேர்ந்த விசைகள் வேலை செய்கின்றன

டூடுயிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியில் கியூவை அழுத்தினால் விரைவுப் பதிவுப் பெட்டி திறக்க வேண்டும். அது திறக்காமல், கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி போன்றவை வழக்கம்போல் இயங்கினால், விசைப்பலகை தமிழில் நிற்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தங்கை ஒருவர் என்னிடம் சொன்னது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: "அண்ணே, காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல கியூ வேலையே செய்ய மாட்டேங்குது." மத்தியானம் அவர் வாட்ஸ்அப்பில் கோவில் திருவிழா பற்றித் தமிழில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். விசைப்பலகை அப்போது தமிழ் 99 என்ற தமிழ் அமைப்புக்கு மாறி, அப்படியே நின்றுவிட்டது.

ஒரு விசையை அழுத்தும்போது உலாவி செயலிக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது: பலகையில் எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்று, அதனால் எந்த எழுத்து உருவானது என்பது மற்றொன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 அமைப்பில், ஆங்கிலக் கியூ இருக்கும் இடத்தில் 'ஆ' இருக்கிறது. எழுத்தைப் பார்த்து இயங்கும் செயலி கியூவுக்காகக் காத்திருக்க, அதன் கைக்கு 'ஆ' வந்து சேர்கிறது. அது பேசாமல் இருந்துவிடுகிறது. கண்ட்ரோல் சேர்ந்த விசைகளை விண்டோஸ் வேறு வழியில், விசையின் அடையாள எண்ணைக் கொண்டு கையாள்வதால் அவை தப்பிவிடுகின்றன.

உடனடித் தீர்வு, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுவது. நிலையான தீர்வு வேறு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் டைப்பிங், அதற்குள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று சென்றால், ஒவ்வொரு செயலியின் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதில் குறியிட்டுவிட்டால் வாட்ஸ்அப் தமிழிலும் பணிப்பட்டியல் ஆங்கிலத்திலும் தத்தம் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். இரு மொழிகளில் தட்டும் ஒவ்வொருவரும் புதுக் கணினி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய மாற்றம் இது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே உலாவிச் சாளரத்தில் வாட்ஸ்அப் ஒரு தாவலிலும் டூடுயிஸ்ட் மற்றொரு தாவலிலும் இருந்தால் இந்த அமைப்பு அவற்றைப் பிரித்துப் பார்க்காது. பணிப்பட்டியலைத் தனிச் சாளரத்தில் அல்லது தனிச் செயலியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்பேடில் கியூ சரியாகவே விழுகிறது, ஆயினும் பெட்டி திறக்கவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் அதன் பொது அமைப்புகளில், தட்டத் தொடங்கியதும் பக்கத்தில் சொல் தேடும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அது ஒற்றை எழுத்துகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடும். ஜிமெயிலிலிருந்து ஷிஃப்ட்-டி (T) அழுத்தி மின்னஞ்சலைப் பணியாக மாற்றுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ஜிமெயிலின் அமைப்புகளில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ஆன் என்று குறித்துச் சேமித்திருந்தால்தான் அந்த விசை உயிர்பெறும்.

குறுக்குவிசையை அழுத்தியபின் மொழி தானாக மாறிவிடுகிறது

விண்டோஸில் இடது ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்துவது உள்ளீட்டு மொழியை மாற்றும் பழைய வழி. கண்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் அதே மொழிக்குள் விசைப்பலகை அமைப்பை மாற்றுவதாகவும் அமைத்திருப்பார்கள். நீங்கள் விரைவுப் பதிவுக்கு வைத்திருக்கும் விசையில் இந்த இணைகளில் ஒன்று இருந்து, மூன்றாவது விசையை அழுத்துவதில் சிறு தாமதம் ஏற்பட்டாலும் மொழி மாறிவிடும். மேலே சொன்ன அதே பக்கத்தில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்ற இணைப்பைத் திறந்து, இரண்டையும் நாட் அசைன்டு என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளியும் போதும்.

எண்டரை அழுத்தினால் கடைசி எழுத்து விழவில்லை, அல்லது இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது

இது பணியைத் தமிழிலேயே தட்டுபவர்களுக்கு உரிய சிக்கல். ஒலிப்பு முறையில், அதாவது தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துகளால் தட்டும் முறையில், இயங்கும் சில உள்ளீட்டு முறைகள், எழுத்து முழுமையாக உருவாகும்வரை அதைத் தம் கையில் வைத்திருக்கும்; அப்போது அந்தச் சொல்லின் கீழ் ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்த நிலையில் எண்டரை அழுத்தினால், அந்த எண்டர் உள்ளீட்டு முறைக்குச் சேர வேண்டியதா, செயலிக்குச் சேர வேண்டியதா என்பதில் குழப்பம் வருகிறது. சில செயலிகள் எழுத்து முடிவதற்குள் பணியைச் சேமித்துவிடுகின்றன. "வாடகை ரசீது" என்று தட்டியது "வாடகை ரசீ" என்று பதிவாகும். வேறு சில, முதல் எண்டரை எழுத்தை முடிக்கவும் இரண்டாவதைச் சேமிக்கவும் எடுத்துக்கொள்கின்றன.

எண்டருக்கு முன் ஓர் இடைவெளி தட்டுங்கள். எழுத்து உறுதியாகி, கீழ்க்கோடு மறைந்துவிடும். கடைசியில் நிற்கும் வெற்றிடத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. ஒரு நாள் முழுக்கத் தமிழில் பதிபவர் என்றால், இப்படி எழுத்தைப் பிடித்துவைக்காத, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று உடனே போடும் தமிழ் 99 அமைப்பைப் பழகிக்கொள்வது நல்லது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாக ஒலிப்பு முறையில் விரல் பழகியவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு மாறுவது கடினம் என்பது தெரியும். அவர்கள் அந்த இடைவெளிப் பழக்கத்தையே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

@ தட்டினால் மேற்கோள் குறி விழுகிறது. # தட்டினால் £ விழுகிறது

இதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. மலேசியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் அச்சிடப்பட்டவை. ஆனால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு வேண்டும் என்பதற்காக யாரோ விண்டோஸில் இங்கிலிஷ் யுனைடெட் கிங்டம் என்பதைத் தேர்ந்திருப்பார்கள். அதோடு பிரிட்டிஷ் விசைப்பலகை அமைப்பும் உள்ளே வந்துவிடும். அப்போது ஷிஃப்ட்-2 மேற்கோள் குறியையும் ஷிஃப்ட்-3 பவுண்டு குறியையும் தரும். @ ஒற்றை மேற்கோள் விசையின் ஷிஃப்ட்டிலும், # எண்டருக்கு மேலே இருக்கும் பின்சாய்கோட்டு விசையிலும் ஒளிந்திருக்கும்.

டூடுயிஸ்டில் # திட்டத்தையும் @ சிட்டையையும் (லேபிள்) குறிப்பதால், இந்த ஒரு மாற்றமே விரைவுப் பதிவை முழுக்க முடக்கிவிடும். இன்னொரு பக்கவிளைவும் உண்டு. பிரிட்டிஷ் அமைப்பில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் அது வலது ஆல்ட்டுக்குச் சமம். ஆகவே கண்ட்ரோல்-ஆல்ட்-ஏ என்று நீங்கள் வைத்த குறுக்குவிசை, பதிவுப் பெட்டியைத் திறக்காமல் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தை ஆவணத்தில் போட்டுவிடலாம். மொழியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கும் விசைப்பலகையை மட்டும் யூஎஸ் என்று மாற்றுங்கள். பிரிட்டிஷ் அமைப்பை நீக்கிவிடுங்கள். மேக் கணினியில் பிரிட்டிஷ் அமைப்பு இருந்தால் @ இடம் மாறாது, # மட்டும் ஆப்ஷன்-3இல் கிடைக்கும்.

தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது இக்குறிகள் வராமல் போனால், நீங்கள் வைத்திருப்பது இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் வகையா என்று பாருங்கள். அதில் எண் வரிசையின் ஷிஃப்ட் இடங்களில் சில கூட்டெழுத்துகள் உட்கார்ந்திருக்கும். பொதுக் கணினியில் சீன உள்ளீடு முழு அகல நிலையில் விடப்பட்டிருந்தால் # விழும், ஆனால் வழக்கத்தைவிட அகலமாக விழும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அந்தக் குறி கணினிக்கு வேறொன்று.

மேக்கில் கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் பதிவுப் பெட்டிக்குப் பதில் மொழி மாறுகிறது

திங்ஸ் என்ற பணிப்பட்டியல் செயலியில் எந்த இடத்திலிருந்தும் பணி பதிய கண்ட்ரோலும் ஸ்பேஸும். திறந்திருக்கும் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துப் பதிய கண்ட்ரோல், ஆப்ஷன், ஸ்பேஸ். ஆங்கிலம் மட்டும் உள்ள மேக்கில் இவை நன்றாக இயங்கும். நீங்கள் அஞ்சலையோ தமிழ் 99ஐயோ இரண்டாவது உள்ளீடாகச் சேர்த்த கணத்தில், மேக் அதே கண்ட்ரோல்-ஸ்பேஸை முந்தைய உள்ளீட்டுக்குத் திரும்பவும், அதே கண்ட்ரோல்-ஆப்ஷன்-ஸ்பேஸை அடுத்த உள்ளீட்டுக்குச் செல்லவும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு விசையும் ஒருசேர மோதுகின்றன. தமிழ் சேர்த்த அன்றிலிருந்து செயலி கெட்டுவிட்டது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் இன்புட் சோர்சஸ் என்று சென்று, அங்கே உள்ள இரண்டு பெட்டிகளின் குறியையும் எடுத்துவிடுங்கள். மொழி மாற்ற இடது கீழ் மூலையில் உள்ள உருண்டைக் குறி விசையை வைத்துக்கொள்ளலாம். பதிவு விசையை மாற்றுவதைவிட மொழி விசையை மாற்றுவதே மேல். உருண்டைக் குறி விசை விரலுக்கு எளிது. வேறு எந்தச் செயலியோடும் மோதுவதும் அரிது.

விண்டோஸிலும் கண்ட்ரோல்-ஸ்பேஸுக்கு ஒரு பழைய உரிமையாளர் உண்டு: சீன உள்ளீட்டை இயக்கவும் நிறுத்தவும் அது பயன்படுகிறது. சீன நண்பரோடு ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டால் அவருடைய விசையைப் பறிக்காமல் உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

செயலிக்கு வெளியே இருந்து அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

முதல் கேள்வி: செயலி ஓடுகிறதா? எந்தச் சாளரத்திலிருந்தும் இயங்கும் குறுக்குவிசை, நிறுவப்பட்ட செயலி பின்னணியில் ஓடினால்தான் உண்டு; உலாவித் தாவலில் மட்டும் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. காலையில் கணினியைத் திறந்ததும் வேலை செய்யாமல், செயலியை ஒரு முறை திறந்த பின் வேலை செய்தால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் அது முடக்கப்பட்டிருக்கும்.

செயலி ஓடியும் பலனில்லை என்றால் விசை வேறொரு நிரலிடம் இருக்கிறது. விண்டோஸில் இத்தகைய விசையை எந்த நிரல் முதலில் பதிவுசெய்கிறதோ அதற்கே அது சொந்தம். பிறகு கேட்கும் நிரலுக்கு மறுப்புதான் கிடைக்கும், அந்த மறுப்பைப் பல நிரல்கள் உங்களிடம் தெரிவிப்பதில்லை. அதனால்தான் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் வேலை செய்யாத விசித்திரம்: எது முதலில் எழுந்தது என்பதே அன்றைய முடிவு. ஆல்ட்-ஸ்பேஸ் இதில் பெரிய போர்க்களம். சாளரத்தின் மூலைப் பட்டியலைத் திறப்பது அதன் பழைய வேலை; மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் உள்ள ரன் அதையே தன் இயல்பு விசையாக வைத்திருக்கிறது. பவர்டாய்ஸ் இருந்தால் அதன் அமைப்பில் ரன்னுக்கு வேறு விசை கொடுத்து, இரண்டு நிரல்களையும் மூடி, பணிப்பட்டியலை முதலில் திறந்து சோதியுங்கள்.

கணக்கு மென்பொருளை ரிமோட் டெஸ்க்டாப் வழியே முழுத்திரையில் பயன்படுத்தும் அலுவலகங்களில், அந்தத் திரை திறந்திருக்கும்வரை விண்டோஸ் விசை சேர்ந்த இணைப்புகள் தூரத்துக் கணினிக்குப் போய்விடும். இணைப்பதற்கு முன் லோக்கல் ரிசோர்சஸ் தாவலில் அப்ளை விண்டோஸ் கீ காம்பினேஷன்ஸ் என்பதற்கு ஆன் திஸ் கம்ப்யூட்டர் என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

கண்ட்ரோல்-என் அழுத்தினால் புதுப் பணிக்குப் பதில் புது உலாவிச் சாளரம் திறக்கிறது

மைக்ரோசாஃப்ட் டு டூவின் விண்டோஸ் செயலியில் கண்ட்ரோல்-என் புதுப் பணிக்கும், கண்ட்ரோல்-டி (T) 'மை டே' என்ற இன்றைய பட்டியலில் சேர்ப்பதற்கும் உரியவை. உலாவியில் இவை இரண்டும் உலாவிக்கே ஒதுக்கப்பட்டவை. எந்த இணையப் பக்கமும் அவற்றைப் பறிக்க முடியாது. விண்டோஸ் செயலியை நிறுவிக்கொள்வதே வழி.

# போட்டுத் தமிழில் தட்டினால் திட்டத்தின் பெயர் பட்டியலில் வரவில்லை

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் உள்ளே வேறாக இருக்கிறது. 'கொள்முதல்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படி இவை சமமானவை. ஆனால் அந்தச் சமத்தை நோக்காமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பெட்டிகள் இரண்டையும் வெவ்வேறு சொல்லாக எண்ணும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவதும், காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் இதே வகை. வேறொருவர் உருவாக்கிய திட்டத்திலும், பழைய கோப்பிலிருந்து ஒட்டிய பெயரிலும் இது அடிக்கடி நிகழ்கிறது.

பெயரை முழுக்க அழித்து, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் விசைப்பலகையிலேயே மறுபடி தட்டிச் சேமியுங்கள். ஒரு குழுவாகப் பகிர்ந்துகொள்ளும் திட்டங்களுக்கு என் பரிந்துரை, பெயரின் தொடக்கத்தில் ஓர் எண்ணை வைப்பது: '3 கொள்முதல்' என்றால் # போட்டு 3 தட்டியதும் பெரும்பாலும் அது முன்னால் வந்து நிற்கும். பலகை தமிழில் நின்றாலும் ஆங்கிலத்தில் நின்றாலும் எண் பெரும்பாலும் எண்ணாகவே இருக்கும்.

தேதி தட்டியும் ஏறவில்லை, அல்லது தட்டாத தேதி ஏறிவிடுகிறது

'நாளை' என்று தட்டினால் டூடுயிஸ்டுக்குப் புரியாது. அது தேதியாகப் படிக்கும் மொழிகளில் தமிழ் இல்லை. பணியைத் தமிழில் எழுதி, தேதிச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், அல்லது எண்ணாகப் போட வேண்டும். எண்ணாகப் போடும்போது 5/6 என்பது ஜூன் ஐந்தா மே ஆறா என்பதை முடிவுசெய்வது அமைப்புகளில் உள்ள தேதி வடிவம். நாம் நாளின் எண்ணை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுபவர்கள். அமைப்பு மாறி இருந்தால் பன்னிரண்டாம் தேதிவரை தவறு வெளியே தெரியாமல் ஓடும்.

எதிர்த்திசையில் வரும் தொல்லை இன்னும் மோசம். ஜாலான் யூஎஸ்ஜே 9/5இல் உள்ள வாடிக்கையாளரின் முகவரியைத் தட்டினால் மே ஒன்பது ஏறிவிடும். கார் நிறுத்துமிடம் பி1 (P1) என்று குறித்தால் அது முதல் தர முன்னுரிமையாகிவிடும், ஏனெனில் பி1 முதல் பி4 வரை அங்கே முன்னுரிமைக் குறிகள். மே லிங் என்ற பெயரின் முதல் சொல் மாதமாகப் படிக்கப்படலாம். இப்படிப் படிக்கப்பட்ட சொல் பெட்டியில் நிறம் மாறித் தெரியும். சேமிப்பதற்கு முன் அதன் மீது ஒரு முறை சொடுக்கினால் நிறம் போய், வெறும் சொல்லாகிவிடும். முகவரியே நாள் முழுக்கத் தட்டும் சரக்கு அலுவலகங்கள், அமைப்புகளில் ஸ்மார்ட் டேட் ரெகக்னிஷன் வசதியை நிறுத்திவிட்டுத் தேதியைத் தனியே தேர்ந்துகொள்வது பாதுகாப்பானது.

திரும்பத் திரும்ப வரும் பணிகளில் ஆச்சரியக்குறியைக் கவனியுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாக்கள் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதற்கு எவ்ரி 15த் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நீங்கள் 12ஆம் தேதியே முடித்தாலும் அடுத்தது 15இலேயே வரும். எவ்ரி என்ற சொல்லை ஒட்டி ஆச்சரியக்குறி போட்டு, மாதம் ஒருமுறை என்று அமைத்திருந்தால், முடித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி மாதாமாதம் தேதி நகர்ந்துகொண்டே போகும். தண்ணீர் வடிகட்டி மாற்றுவது போன்ற வேலைக்கு ஆச்சரியக்குறி சரி. சட்டப்படி கெடு உள்ள எதற்கும் கூடாது.

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் கிளை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு சொல். எவ்ரி வொர்க்டே என்று தட்டினால் செயலி திங்கள் முதல் வெள்ளி வரை என்று எடுத்துக்கொள்ளும். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே கெடா கிளையின் பணிக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள்களின் ஆங்கிலப் பெயர்களையும் எவ்ரி என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளியிட்டு வரிசையாகத் தட்டுங்கள். அப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளையைத் திறப்பவரின் பட்டியலில் அன்றைய வேலைகள் இருக்கும்.